உதிரிபாகம் நின்றுபோன ஃபோர்க்கைப் பிரித்து மாட்டியது

மாலையில் என் சைக்கிளின் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் கவையில், 80 பிஎஸ்ஐ காற்று அடித்து வைத்தேன். காலையில் ஹேண்டிலின் மேல் கையை ஊன்றியதும் ஃபோர்க் முனகிக்கொண்டே உள்ளே இறங்கியது. கையை எடுத்ததும் ஸ்பிரிங் பொம்மை மாதிரி துள்ளி மேலே வந்தது. காற்று நிற்கவில்லை என்பது ஒரு கோளாறு. துள்ளலை அடக்கும் எண்ணெய் தன் வேலையைச் செய்யவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வந்துவிட்டதால் இனி தள்ளிப்போட வழியில்லை, பிரித்தே ஆக வேண்டும்.

இது 2006 மாடல். 26 அங்குலச் சக்கரத்துக்கானது, 100 மி.மீ. அசைவு, 32 மி.மீ. உள்குழாய்கள். தயாரித்த நிறுவனம் இதற்கான சீல் கிட்டை, அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் பாகங்களின் தொகுப்பை, எப்போதோ நிறுத்திவிட்டது. பாக எண்ணைப் போட்டுத் தேடினால் எங்கே பார்த்தாலும் 'தயாரிப்பில் இல்லை' என்றே வருகிறது. பழுது பார்க்கும் இடத்தில் கேட்டபோது, புது ஃபோர்க் வாங்கிவிடுங்கள் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அது நடக்கிற காரியமில்லை. என் ஃபிரேமின் தலைக்குழாய்க்குள் போவது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக 28.6 மி.மீ. இருக்கும் நேரான தண்டு. இப்போது வரும் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றின் தண்டு கீழே தடித்து 1.5 அங்குலமாக விரிகிறது. அச்சு 15 மி.மீ., சக்கரம் 29 அல்லது 27.5 அங்குலம். எப்படியோ மாட்டிவிட்டாலும் நீளம் கூடிவிடும். முன்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தாலே தலைக்குழாயின் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்துவிடுகிறது. நான் பழகிய வண்டி வேறு வண்டியாகிவிடும். இந்தச் சைக்கிள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது இப்போது இருக்கிறபடியே ஓட வேண்டும்.

பிரிப்பதற்கு முன் வால்வைப் பார்த்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். ஃபோர்க்கின் காற்று வால்வுக்குள் இருக்கும் கோர், கார் டயரில் இருக்கும் அதே கோர்தான். அது தளர்ந்திருந்தாலும், அதன் சிறு ரப்பர் காய்ந்திருந்தாலும் இரவோடு இரவாகக் காற்று போய்விடும். சோப்புத் தண்ணீரை வால்வின் மேல் ஊற்றினேன். குமிழி இல்லை. மேல் மூடியைச் சுற்றி ஊற்றினேன். அங்கேயும் இல்லை. பிறகுதான் இடது பக்கத் தூசி சீலின், அதாவது குழாயைச் சுற்றி மண் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பரின், விளிம்பு கண்ணில் பட்டது. எண்ணெய் மெல்லிய வளையமாகக் கசிந்து, அதில் நுரை தெரிந்தது. காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி, ஃபோர்க்கின் கீழ்ப்பாதியான கீழ்க்காலுக்குள் அடைந்து, அங்கிருந்த எண்ணெயையும் இழுத்துக்கொண்டு சீல் வழியாக வெளியேறுகிறது. ஆக, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங், போய்விட்டது.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து இறங்கும் இரண்டு வழுவழுப்பான அலுமினியக் குழாய்கள் உள்குழாய்கள். அவற்றின் மேல் சறுக்கி ஏறி இறங்கும் மக்னீசியம் வார்ப்பு கீழ்க்கால். என்னுடையதில் இடது உள்குழாய்க்குள் காற்றும் பிஸ்டனும் இருக்கின்றன, பிஸ்டனுக்குக் கீழே ஒரு சிறு எதிர் ஸ்பிரிங். வலது உள்குழாய்க்குள் டேம்பர், அதாவது எண்ணெய்க்குள் துளையுள்ள பிஸ்டன் ஓடி அசைவின் வேகத்தை மட்டுப்படுத்தும் ஏற்பாடு. இரண்டு குழாயின் அடியிலிருந்தும் ஒவ்வொரு தண்டு வெளியே வந்து கீழ்க்காலின் அடியில் போல்ட்டால் பிணைந்திருக்கிறது. இவை தவிர, கீழ்க்காலுக்குள் சறுக்கலுக்காக மட்டும் கொஞ்சம் எண்ணெய் தனியாக இருக்கும். டேம்பர் எண்ணெயும் இதுவும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது.

என் மாடலுக்கான கையேடு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மாடலின் பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடம் கிடைத்தது. உடற்கூறு ஒன்றேதான். அதில் டேம்பருக்கு 112 மி.லி., கீழ்க்கால் ஒவ்வொன்றுக்கும் 15 மி.லி. என்று போட்டிருந்தது. அந்த இரண்டு எண்கள் போதுமானவையாக இருந்தன.

சரி, பிரிப்பு. சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றி, ஃபோர்க்கை ஃபிரேமிலிருந்து இறக்கினேன். கீழ் போல்ட் இரண்டுக்கும் 5 மி.மீ. ஆலன் கீ. வலது பக்கம் உடனே வந்துவிட்டது. இடது பக்கம் போல்ட்டைத் திருப்பினால் உள்ளே தண்டும் கூடவே சுற்றியது. பழைய ஃபோர்க்குகளில் இது வழக்கம். இதற்கு ஒரு வழி உண்டு. பத்து பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று அடித்தால், அது பிஸ்டனை அழுத்தி, தண்டைக் கீழ்க்காலின் அடியோடு இறுக்கிப் பிடிக்கும். அந்த உராய்வு போதும், போல்ட் தளர்ந்துவிடும். மூன்று சுற்று தளர்த்தியதும் காற்றை முழுவதும் இறக்கி, வால்வு கோரையே கழற்றி எடுத்துவிட வேண்டும். உள்ளே காற்று இருக்கும்போது மேல் மூடியைத் திறந்தால் அது குண்டு மாதிரி கிளம்பும். முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு திறந்தவர்கள் கதை நல்லபடியாக முடிவதில்லை.

போல்ட்டின் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் இரண்டு தட்டு. தண்டின் முனை கீழ்க்காலிலிருந்து 'டக்' என்று விடுபட்டது. போல்ட்டை முழுக்கக் கழற்றுவதற்கு முன்பே இரண்டு அளவுக் கோப்பைகளைத் தயாராக வைத்திருந்தேன், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பலர் இந்த எண்ணெயை ஒரே தட்டில் வடித்துக் கொட்டிவிடுகிறார்கள். அது வீணாகப் போகிற தகவல். என்னிடம் இடதுகாலில் வந்தது 6 மி.லி., சாம்பல் நிறக் குழம்பு. வலதுகாலில் வந்தது 68 மி.லி., சிவப்பு நிறம் இன்னும் மங்காத எண்ணெய்.

கடைசியாகக் கீழ்க்காலுக்கு 15 மி.லி. ஊற்றியது நானேதான், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அப்படியென்றால் மீதி 53 மி.லி. எங்கிருந்து வந்தது? மேல் மூடியைத் திறந்து டேம்பர் குழாயில் மிச்சமிருந்த எண்ணெயை அளந்தேன். 58 மி.லி. இரண்டையும் கூட்டினால் 111. வரைபடத்தில் போட்டிருக்கும் 112-க்கும் இதற்கும் ஒரே ஒரு மில்லி வித்தியாசம். எண்ணெய் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை, பாதி மட்டும் வீடு மாறிவிட்டது. டேம்பர் தண்டு வெளியே வரும் இடத்திலுள்ள சீல் தலை கசிந்திருக்கிறது.

துள்ளலுக்குக் காரணம் இதுதான். டேம்பர் பிஸ்டன் பாதி தூரம் எண்ணெயிலும் பாதி தூரம் காற்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு புதிரும் இதிலேயே அவிழ்ந்தது. சில மாதங்களாக எவ்வளவு பெரிய பள்ளத்தில் இறங்கினாலும் கடைசி 15 மி.மீ. அசைவு கிடைப்பதே இல்லை. காற்றழுத்தம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். உண்மையில் வலது கீழ்க்கால் எண்ணெயால் நிரம்பிவிட்டது. உள்குழாய் இறங்கும்போது அந்த எண்ணெய்க்குப் போக இடமில்லை. திரவம் அமுங்காது, ஃபோர்க் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. ஃபோர்க் கடைசி அசைவைத் தர மறுத்தால் காற்றழுத்தத்தைத் தொடுவதற்கு முன் கீழ்க்கால் எண்ணெயை அளந்து பாருங்கள்.

பிரித்த பாகங்களை ஒரு வெள்ளைத் துணியில், எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் பரப்பினேன். ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்தேன். கையேடு இல்லாத பொருளுக்கு அந்தப் படங்கள்தான் கையேடு. குறிப்பாக, டேம்பர் பிஸ்டனில் அடுக்கியிருக்கும் மெல்லிய தட்டுகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைப் பிறகு நினைவிலிருந்து மீட்க முடியாது.

இனி ஓ-ரிங். இந்த வேலையில் எனக்கு அதிக நேரம் எடுத்ததும், அதிகம் கற்றுக்கொடுத்ததும் இதுதான்.

காற்றுப் பிஸ்டனின் பழைய ஓ-ரிங்கைப் பல் குத்தும் குச்சியால் நெம்பி எடுத்தேன். உலோக ஊசியால் எடுத்தால் பள்ளத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே காற்று போகும். வெர்னியரில் அளந்தேன். உள்விட்டம் சுமார் 22, ரப்பரின் தடிமன் 3.0 மி.மீ. நல்லதாகப் போயிற்று, 22 × 3 என்பது எங்கும் கிடைக்கும் மெட்ரிக் அளவு. நைட்ரைல் ரப்பரில் வாங்கி, கிரீஸ் தடவி மாட்டி, இடது பக்கத்தை மட்டும் தற்காலிகமாகக் கோத்து 80 பிஎஸ்ஐ அடித்தேன். மறுநாள் காலை 30 பிஎஸ்ஐ.

அன்று முழுக்க அந்த ரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டு இல்லை, முறுக்கு இல்லை. குழாயின் உட்சுவரை டார்ச் அடித்துப் பார்த்தேன், கோடு எதுவும் இல்லை. அப்புறம் பழைய ரிங்கை மறுபடி எடுத்து, பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டியது வட்டமாக இல்லை. உள்பக்கமும் வெளிப்பக்கமும் தட்டையாகி, பக்கவாட்டில் பிதுங்கி, ஓரங்கள் உருண்ட செவ்வகம் மாதிரி இருந்தது. பல ஆண்டுகள் அழுத்தத்திலேயே கிடந்து அந்த ரப்பர் தான் அடைபட்டிருந்த இடத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. நான் அளந்தது ரிங்கின் தடிமனை அல்ல, அது குடியிருந்த பள்ளத்தின் ஆழத்தை!

அப்படியானால் பள்ளத்தையே அளக்கலாமே. பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் அடி விட்டம் 22.1 மி.மீ. குழாயின் உள்விட்டம் 28.0. வித்தியாசத்தில் பாதி, 2.95 மி.மீ., அதுதான் ரப்பருக்குக் கிடைக்கும் இடம். அசையும் பிஸ்டனில் உள்ள ஓ-ரிங் தன் தடிமனில் சுமாராக 10 முதல் 20 சதவீதம் வரை நசுங்கி உட்கார்ந்தால்தான் காற்றைப் பிடிக்கும். நான் போட்ட 3.0 மி.மீ. ரிங் நசுங்கியது இரண்டு சதவீதம்கூட இல்லை. வெறுமனே சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அங்குல வரிசை ஓ-ரிங்குகளுக்கு ஏஎஸ்568 என்று ஒரு தர அட்டவணை இருக்கிறது. அதில் 2-இல் தொடங்கும் மூன்றிலக்க எண்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடிமன் 3.53 மி.மீ. அந்த வரிசையில் 212 என்ற எண்ணின் உள்விட்டம் 21.82. கணக்குப் போட்டேன். 2.95 மி.மீ. இடத்தில் 3.53 உட்கார்ந்தால் நசுங்கல் 16 சதவீதம். 22.1 பள்ளத்தில் ஏற 21.82 சற்றே இழுபடும், ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பள்ளத்தின் அகலம் 4.8 இருந்தது, நசுங்கிய ரப்பர் பக்கவாட்டில் விரிய அது தாராளம். எல்லாமே அந்த அளவுக்காகவே கடைந்த மாதிரி பொருந்தியது. அதற்காகவேதான் கடைந்திருப்பார்கள். நிறுவனம் தன் கிட்டுக்குத் தனியாக ஒரு எண் கொடுத்திருக்கலாம், ஆனால் உள்ளே இருந்தது உலகம் முழுக்க ஹைட்ராலிக் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் சாதாரண ரிங்.

இந்த இடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம். 'தயாரிப்பில் இல்லை' என்ற அந்த வரி, அந்த நிமிடத்திலிருந்து என்னை ஒன்றும் செய்ய முடியாது. பாக எண்ணைத் தேடுவதை விட்டுவிட்டு, எல்லாப் பள்ளங்களையும் எல்லாத் துளைகளையும் அளந்து ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன்.

டேம்பரின் சீல் தலையும் அதே முறைதான். அது உள்குழாயின் அடியில் சர்க்ளிப் என்ற வளையக் கொக்கியால் நிற்கிறது. சர்க்ளிப்பை எடுத்துவிட்டுத் தண்டை இழுத்தால் கூடவே வெளியே வந்துவிடும். தண்டு 10.0 மி.மீ. சீல் தலைக்குள் உள்ள பள்ளத்தின் விட்டம் 13.4. இடம் 1.7 மி.மீ. 10 × 2 ரிங் போட்டால் நசுங்கல் 15 சதவீதம். பழைய ரிங் கையிலெடுத்தபோது கறுப்புப் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது, வளைத்ததும் ஒடிந்தது. தண்டை நகத்தால் வருடிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. நகம் தட்டும் அளவுக்குத் தண்டில் கீறல் இருந்திருந்தால் எத்தனை புது ரிங் போட்டாலும் கசிவு நிற்காது.

ரப்பர் வகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோர்க் எண்ணெய் பெரும்பாலும் கனிம எண்ணெய் வகை. அதற்கு நைட்ரைல் ஒத்துப்போகும். ஈபிடிஎம் என்ற ரப்பர் தண்ணீருக்கும் ஒருவகை பிரேக் திரவத்துக்கும் அருமையானது, ஆனால் கனிம எண்ணெயில் ஊறினால் உப்பிவிடும். இரண்டும் கறுப்பு, பார்த்தால் ஒரே மாதிரி. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும். நான் நைட்ரைல், கடினம் 70 ஷோர் வாங்கினேன்.

அடுத்து தூசி சீல்கள். இவற்றில் மட்டும் எனக்குத் தயக்கம் இருந்தது. 32 மி.மீ. தண்டுக்கான எண்ணெய் சீல் இயந்திரச் சாமான் விற்பவர்களிடம் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சுழலும் தண்டுக்கானவை. சுழலும் தண்டு ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது. ஃபோர்க்கின் குழாயோ மேலும் கீழும் ஓடி, ஒவ்வொரு முறையும் மண்ணை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறது. உதட்டின் வடிவமே வேறாக இருக்க வேண்டும். வேறு வழியில்லாதபோது சிலர் அந்தச் சுழல் சீலைப் போட்டு ஓட்டுகிறார்கள். நான் அதற்குப் போகவில்லை. காரணம், கீழ்க்காலில் சீல் உட்காரும் துளையை அளந்தபோது 41 மி.மீ. வந்தது, அதே 32-க்கு 41 அளவில், இன்னும் விற்பனையில் இருக்கும் வேறொரு ஃபோர்க்குக்கான சீல் ஜோடி கிடைத்தது. உயரம் மட்டும் ஒரு மி.மீ. கூடுதல், அது விளிம்புக்கு மேலே நிற்கிறது, எதையும் தடுக்கவில்லை. உள்குழாயின் விட்டம், துளையின் விட்டம், துளையின் ஆழம் மூன்றும் ஒத்துப்போனால் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டியதில்லை.

பழைய சீலை எடுக்கும்போது மட்டும் பொறுமை வேண்டும். மக்னீசியம் மென்மையானது. ஸ்பேனரின் தட்டை முனையைச் சீலுக்கு அடியில் கொடுத்து, விளிம்பில் மடித்த துணியும் மரத்துண்டும் வைத்து, நேர் மேலே நெம்பினேன். சாய்த்து நெம்பினால் விளிம்பு நெளியும், நெளிந்தால் புது சீல் உட்காராது. சீலுக்குக் கீழே இருந்த நுரை வளையம் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த வளையத்தின் வேலை எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு குழாயை ஈரமாகவே வைத்திருப்பது. அதற்குப் பதிலாகத் திறந்த துளைகள் உள்ள நுரைப்பட்டையை அதே அகல உயரத்தில் வெட்டி, வட்டமாகச் சுருட்டி வைத்தேன். முனைகள் சரியாகச் சந்தித்தால் ஒட்டக்கூட வேண்டாம்.

கீழ்க்காலுக்குள் குச்சியில் துணி சுற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தேன். ஆறாவது துணிதான் வெள்ளையாக வெளியே வந்தது. பிரேக் துடைக்கும் ஸ்பிரேயை நான் இதற்குத் தொடுவதில்லை, ரப்பர் பக்கத்தில் இருக்கும்போது அது ஆபத்து.

இப்போது புஷ்கள், அதாவது உள்குழாய் சறுக்கி ஓடும் மெல்லிய வளையங்கள். ஒவ்வொரு கீழ்க்காலுக்குள்ளும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மொத்தம் நான்கு. இவைதான் பழைய ஃபோர்க்கின் உண்மையான ஆயுள். ஓ-ரிங்குக்கு அட்டவணை இருக்கிறது. மெல்லிய சுவருள்ள இந்தப் புஷ்ஷுக்கு நான் அளந்த அளவில் பொது அளவு எதுவும் ஒத்துவரவில்லை. தேய்ந்திருந்தால், அதற்கென்றே கருவிகள் வைத்திருக்கும் தனிப் பணிமனைக்குத்தான் போக வேண்டும். தேய்மானத்தைப் பிரிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியும், ஆனால் அது தலைக்குழாய் பேரிங்கின் ஆட்டமாகவும் இருக்கலாம். ஹேண்டிலைப் பக்கவாட்டில் முழுக்கத் திருப்பி, சீலும் உள்குழாயும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அசைத்தால் இரண்டையும் பிரித்து அறியலாம். எனக்கு விரலில் மயிரிழை அளவே தட்டியது. இன்னும் பல காலம் ஓடும்.

உள்குழாயில் ஒரே ஒரு கல் அடி இருந்தது, வலது பக்கம், சீலுக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்தில். அதன் ஓரம் மேடிட்டு, ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சீலின் உதட்டைக் கிழிக்கக் காத்திருந்தது. 2000 நம்பர் தண்ணீர்த்தாளை ஈரமாக்கி, அந்த மேட்டை மட்டும், குழாயைச் சுற்றும் திசையில், மேலும் கீழுமாக அல்லாமல், மெதுவாகத் தேய்த்துச் சமமாக்கினேன். குழிக்குள் ஒரு துளி நகப்பூச்சு விட்டு, காய்ந்ததும் மறுபடி சமமாக்கினேன். அலுமினியத்தின் மேல் இருக்கும் அனோடைஸ் பூச்சே நீளமாகத் தேய்ந்து வெள்ளி நிறம் தெரிந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அதேபோல், உள்குழாய்கள் இரண்டையும் இணைக்கும் மேல் குறுக்குத் துண்டில் விரிசல் தெரிந்தாலோ, தலைக்குழாய்க்குள் போகும் தண்டு அதில் பதிந்திருக்கும் இடத்தில் கிறீச்சிட்டாலோ நான் எதையும் சரிசெய்ய முயல மாட்டேன். அந்த ஃபோர்க் ஓய்வுக்குப் போக வேண்டியதுதான். காற்று போனால் பயணம் கெடும், அங்கே உடைந்தால் முகம் போகும்.

டேம்பர் எண்ணெயில் எல்லோரும் ஒரு இடத்தில் ஏமாறுகிறோம். பாட்டிலில் '5 டபிள்யூ' என்று போட்டிருப்பது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவு அல்ல. சென்டிஸ்டோக் என்பது எண்ணெயின் பிசுபிசுப்பை அளக்கும் அலகு. ஒன்றின் 5 டபிள்யூ 40 டிகிரியில் 16 சென்டிஸ்டோக் இருக்கும், இன்னொன்றுடையது 25-ஐத் தாண்டும். முதலாவதில் ஃபோர்க் சுறுசுறுப்பாக எழும், இரண்டாவதில் சோம்பலாக எழும். அதனால் பாட்டிலின் முகப்பை விட்டுவிட்டு, விவரத்தாளில் 40 டிகிரிக்கு எத்தனை சென்டிஸ்டோக் என்று பார்த்து 16-க்குப் பக்கத்தில் ஒன்றைத் தேர்ந்தேன்.

சீல் தலையைப் புது ரிங்கோடு பொருத்தி, சர்க்ளிப்பைப் போட்டு, அது பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்ததா என்று சுற்றித் திருப்பிப் பார்த்தேன். பிறகு மேலிருந்து எண்ணெய் ஊற்றி, தண்டை மெதுவாக மேலும் கீழும் இருபது முறை ஓட்டினேன். முதலில் 'கொளக் கொளக்' என்று சத்தம். போகப் போகச் சத்தம் அடங்கி, கைக்கு ஒரே சீரான கனம் தெரிந்தது. அரைமணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, குமிழி எல்லாம் மேலே வந்த பிறகு 112 மி.லி. கணக்கைச் சரிபார்த்தேன். கொள்ளளவு தெரியாத ஃபோர்க் என்றால் எண்ணெய் மட்டத்தை வைத்துத்தான் போக வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில் குழாய் மாட்டி, குழாயின் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டி, அது உள்குழாயின் வாயில் தங்கும்படி வைத்து உறிஞ்சினால், குழாயின் முனை இருக்கும் மட்டத்தோடு எண்ணெய் நின்றுவிடும். முதல் தடவை சற்றுக் குறைவாக வைத்து ஓட்டிப் பார்த்து ஏற்றிக்கொள்வது நல்லது, அதிகமாக ஊற்றினால் அதே பழைய முட்டல் வந்துவிடும்.

கோர்ப்பது பிரிப்பதைவிடச் சீக்கிரம் முடிந்தது. தகுந்த விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டின் முனையைச் சமமாக வெட்டி, அதை வைத்துச் சீலை நேராகத் தட்டி இறக்கினேன். நுரை வளையத்தை எண்ணெயில் ஊறவைத்துச் சீலுக்குக் கீழே செருகினேன். பிஸ்டனின் மேல் 5 மி.லி. எண்ணெய், புது ரிங் எப்போதும் ஈரமாக இருக்க. கீழ்க்காலை ஏற்றும்போது சீலின் உதடு உள்பக்கம் மடங்காமல் இரண்டு பக்கமும் விரலால் வழிகாட்டினேன். பாதி ஏறியதும் ஃபோர்க்கைச் சாய்த்து அடித்துளை வழியே சிரிஞ்சால் ஒவ்வொரு பக்கமும் 15 மி.லி. போல்ட் வாஷர் செம்பு. அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகி நன்றாக அமரும். போல்ட் இறுக்கம் 7 நியூட்டன் மீட்டர். வடித்த பழைய எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து, வண்டி எண்ணெய் சேகரிப்போரிடம் கொடுக்க வைத்தேன்.

80 பிஎஸ்ஐ அடித்து, அமிழ்வை அளக்க உள்குழாயில் ஒரு பிளாஸ்டிக் டேக் கட்டினேன். ஏறி நின்று இறங்கியபோது 22 மி.மீ. அமிழ்ந்திருந்தது, 100 மி.மீ. அசைவுக்கு அது சரியான கணக்கு. மறுநாள் காலை பம்பை மாட்டினால் முள் 74 காட்டியது. ஒரு நொடி மனம் கலங்கிவிட்டது. ஆனால் பம்பின் குழாயே கொஞ்சம் காற்றை வாங்கிக்கொள்ளும், மாட்டும்போதே முள் இறங்கத்தான் செய்யும். அதைச் சோதிக்க மறுபடி 80 ஆக்கி, கழற்றி, உடனே மாட்டிப் பார்த்தேன். அப்போதும் 74. இரவு முழுக்க ஒன்றும் போகவில்லை.

வேறு வகைப் பழைய ஃபோர்க் வைத்திருப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க் ஆர்எஸ்-1 வந்தது 1989-இல். அதற்குப் பின் 1990களில் வந்த பல ஃபோர்க்குகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் போன்ற பாலியுரித்தேன் கட்டைகளை அடுக்கியிருப்பார்கள். அவை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் காலப்போக்கில் பிசின் மாதிரி இளகியோ பொடிந்தோ போகும். அவற்றுக்கு அதே விட்டத்தில் சுருள் ஸ்பிரிங் தேடுவதுதான் நிலைத்த தீர்வு. மார்சோக்கி என்ற இன்னொரு ஃபோர்க் நிறுவனத்தின் மலைச்சைக்கிள் பிரிவை ஃபாக்ஸ் நிறுவனம் 2015-இல் வாங்கியது. அதற்கு முந்தைய காலத்துச் சுருள் ஸ்பிரிங், எண்ணெய்த் தொட்டி முறை பாம்பர் என்ற மார்சோக்கி ஃபோர்க்குகளை வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். அங்கே ஒரே எண்ணெய்தான் சறுக்கலுக்கும் டேம்பருக்கும், சீலையும் எண்ணெயையும் மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

கோர்த்து ஏழு வாரம் ஆகிறது. நேற்று வலது கீழ்க்காலின் போல்ட்டை மட்டும் கழற்றி எண்ணெயை வடித்துப் பார்த்தேன். ஊற்றியது 15, வந்தது 14 மி.லி. லேசாகக் கலங்கியிருந்தது, உலோகத் துகள் இல்லை. 15 மி.லி. புது எண்ணெய் விட்டு, 7 நியூட்டன் மீட்டர் இறுக்கி, தேதியையும் அளவையும் அந்த அளவுத் தாளின் கீழே எழுதிவைத்தேன்.